கல் கெட்டுப்போகவில்லை, மக்கா

வண்ணார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மையும் சுகம். மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. ஆச்சியின் தோசைக்கல்லைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு அசதியில் தூங்கிவிட்டாய். காலையில் எடுத்துப் பார்த்தால் கல் முழுக்கச் சிவப்பு. "ஐம்பது வருஷம் ஆச்சி பழக்கி வைத்ததை ஒரே ராத்திரியில் கழுவிட்டேன்ப்பா" என்றாய். தூக்கிப் போடவும் மனசில்லை, அதில் சுடவும் முடியாது, பேசாமல் ஒரு நான்ஸ்டிக் வாங்கிவிடுகிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, மீதியை நான் சொல்ல மறந்துவிடுவேன். அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுப்பேன்.

கல் கெட்டுப்போகவில்லை, மக்கா. வார்ப்பிரும்புக் கல் ஒரேயடியாகப் போவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். கீழே விழுந்து உடைய வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பச்சைத்தண்ணீர் பட்டு விரிசல் விட வேண்டும். உனக்கு இரண்டும் நடக்கவில்லை. ஒரு ராத்திரித் துரு மேல்தோலோடு போய்விடும். அடியில் இருப்பது அதே இரும்பு.

அப்புறம், இத்தனை நாள் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ கழுவிவிட்டதாக நினைக்கிற, எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கியதில் கல்லில் பிடித்த அந்தக் கறுப்பு, ஆச்சியுடையது இல்லை.

அந்தக் கல்லை ஆச்சி வாங்கியது 1958இல், நான் பிறந்த வருஷம். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போனவள், நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கி, பஸ் ஏறாமல் தலையில் சுமந்தே வீட்டுக்கு நடந்து வந்ததாகச் சொல்வாள். இதெல்லாம் உனக்கும் தெரியும். ஆனால் 2009இல் ஆச்சி போன பிறகு அந்தக் கல் பரணில்தான் கிடந்தது. வீட்டில் சின்னக் கல் ஒன்று இருந்ததால் அதை யாரும் தேடவில்லை. 2017இல் உன் கல்யாணச் சாமான் எடுத்துவைக்கும்போது இறக்கிப் பார்த்தேன். நடுவில் துரு குழிகுழியாக ஏறியிருந்தது. விளிம்பைச் சுற்றிப் பழைய எண்ணெயெல்லாம் கருகி, விரல் கனத்துக்குப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பொருக்கைப் பார்த்ததும் எனக்கும் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. ஒரு நாள் முழுக்க அதைத் தொட மனசு வரவில்லை.

ஆனால் அப்படியே கொடுத்திருந்தால் நீ ஒரு தோசைகூடச் சுட்டிருக்க முடியாது. மறுநாள் நம் தோசைக் கடையின் விறகு அடுப்பில் தணிந்த தணலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினேன். கல் சிவக்கிற அளவுக்கு விடக்கூடாது, விட்டால் வளைந்துவிடும். பொருக்கு புகைந்து சாம்பலானதும் அடுப்பை அணைத்து, சாம்பலுக்குள்ளேயே ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் செங்கல் துண்டை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே இருந்த சாம்பல் நிற இரும்பு வெளியே வந்தது. ஆச்சி வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி. அதற்குப் பிறகு பத்து நாள் உட்கார்ந்து பழக்கித்தான் உன் பெட்டியில் வைத்தேன். உன் அம்மைக்கு மட்டும் தெரியும்.

ஆகவே நீ ஜெர்மனிக்குக் கொண்டுபோன கறுப்பில் அந்தப் பத்து நாள்தான் என்னுடையது. மீதி எல்லாம் நீ சுட்ட தோசை. ஆச்சியின் சொத்து அந்த இரும்பு. அது அங்கேயே பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கறுப்பு என்னவென்று நானும் ரொம்ப நாள் தெரியாமலேதான் கல்லைப் பழக்கிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திய வாத்தியார் ஒருவர் தினமும் காலையில் கடைக்கு வருவார், உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னிடம் வாய்ப்பாடு கேட்பாரே, அவர்தான் சொன்னார். எண்ணெயை மெலிதாகத் தடவி நன்றாகச் சூடேற்றும்போது, சூட்டிலும் காற்றிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப் படலமாகிவிடுகின்றன. பிளாஸ்டிக்கும் வார்னிஷும் எந்த வகையோ இதுவும் அந்த வகைதான் என்றார். அது ஆன பிறகு எண்ணெய் இல்லை, துடைத்தால் வராது. இரும்பின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் நெருங்கவிடாது, மாவையும் ஒட்டவிடாது.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தானே. கடை ஆரம்பித்த புதிதில் புதுக் கல்லுக்கும் அதைத்தான் தடவினேன். எத்தனை நாள் ஆனாலும் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டே இருந்தது. தேங்காய் எண்ணெய் அப்படிக் கோத்துக்கொள்ளாத ரகமாம். நல்லெண்ணெய் கோத்துக்கொள்ளும், சூரியகாந்தி எண்ணெய் இன்னும் நன்றாகக் கோத்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய்தான் எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் இறுகும், ஆனால் இறுகிய படலம் நாளாவட்டத்தில் செதில் செதிலாக உரியும். உன் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் இருக்கும், அதுவே போதும். நல்லெண்ணெய்க்காக இந்தியக் கடையைத் தேடி அலையாதே.

இதைவிடப் பெரிய துருவை நான் பார்த்தாகிவிட்டது. 2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆறு கரை புரண்டு நம் தெருவுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, நீ அங்கே என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். நாங்கள் மாடியில் இருந்தோம். கடையை மூடிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த பெரிய கல், உன் அம்மையின் பணியாரச் சட்டி எல்லாம் சேற்றுக்குள். தண்ணீர் வடிந்து இறங்கி வந்து பார்க்க நாலு நாள் ஆயிற்று. கட்டில், பீரோ, துணி என்று எதையெல்லாமோ தெருவில் தூக்கிப் போட்டோம். இரும்பு மட்டும்தான் திரும்பி வந்தது. முப்பது வருஷம் சோறு போட்ட கல், செம்மண் பூசியது போல் கிடந்தது. செங்கல்லும் தண்ணீருமாக இரண்டு நாள் நானே தேய்த்தேன். வேறு வேலையே ஓடவில்லை, மனசுக்கும் அது தேவைப்பட்டது.

பணியாரச் சட்டிதான் பாடு. குழிக்குள் செங்கல் போகாது. புளித்தண்ணீரை ஊற்றி வைத்து, கொஞ்சம் இளகியதும் தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன். பழக்குவதற்கு, பேக்கரி வைத்திருக்கிற என் சிநேகிதன் அவனுடைய அடுப்பில் வைத்துக் கொடுத்தான். எல்லாப் பக்கமும் ஒரே சூடு இருப்பதால் ஒவ்வொரு குழியும் ஒரே மாதிரி கறுத்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். விறகு அடுப்பில் எனக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. உன் அடுப்படியில் அந்த மாதிரி ஓவன் இருக்கிறதே, நீ கேக் செய்கிறாயே, அதுதான். பத்து நாள் வேலை உனக்கு ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. முதலில் துருவை எடு. ஸ்டீல் நாரும் கல்லுப்பும் போட்டுக் கல்லின் இரண்டு பக்கமும் தேய். அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் துரு அங்கேதான் முதலில் குடியேறும். கைப்பிடி சேருகிற இடத்தையும் விடாதே. தேய்த்தும் போகாத இடம் இருந்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கல்லை அதில் வை, அரை மணிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார். துருவைத் தின்று முடித்தால் புளிப்பு நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சோப்புப் போட்டே கழுவலாம்.

கழுவியதும் காத்திருக்கக் கூடாது. துடைத்த கையோடு அடுப்பில் வைத்துக் குறைந்த சூட்டில் ஈரத்தைப் போக்கு. வெறும் இரும்பு ஈரத்தோடு ஐந்து நிமிஷம் இருந்தால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும். அப்படிச் சிவந்தால் பதறாதே, எண்ணெய்த் துணியால் துடைத்தாலே அது வந்துவிடும்.

கல் கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் விளிம்பும் தடவு. பிறகு வேறொரு காய்ந்த பருத்தித் துணியை எடுத்து, தடவிய எண்ணெயை எல்லாம் துடைத்துவிடு. எல்லாவற்றையும் என்றுதான் சொல்கிறேன். கல் பார்க்க எண்ணெயே படாதது போல மங்கலாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். நம் கடைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு பையனும் எண்ணெய் கூடக்கூட நல்லது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தான். எண்ணெய் கூடினால் இறுகாது, மேலே பிசுபிசுவென்று பசையாக நிற்கும், அதற்கு மேல் என்ன சுட்டாலும் ஒட்டும்.

துடைத்த கல்லை ஓவனில் குப்புறக் கவிழ்த்து வை. 230 டிகிரி, ஒரு மணி நேரம். கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருந்தால் கழற்ற வேண்டும், உன் கல்லில் இரும்பு வளையம்தான், அப்படியே வைக்கலாம். ஜன்னலைத் திறந்து வை, புகை வரும், பேத்தியை அந்தப் பக்கம் விடாதே. நேரம் முடிந்ததும் அணைத்துவிட்டு, கல்லை உள்ளேயே ஆறவிடு. ஆறியதும் மறுபடி ஒரு தடவல், ஒரு துடைப்பு, ஒரு மணி நேரம். முதல் தடவை எடுக்கும்போது தவிட்டு நிறத்தில் இருக்கும், தப்பாகிவிட்டதோ என்று தோன்றும். மூன்றாவது, நாலாவது தடவைக்கு நிறம் இறங்கிக் கறுக்கும். அதற்கு மேல் ஓவனில் வைத்து உயிரை விட வேண்டாம். மீதியைத் தோசை பார்த்துக்கொள்ளும்.

யூடியூபில் வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறவை என்று யாராவது சொன்னால் உன் கல்லுக்குச் செய்துவிடாதே. அது பட்டறையிலிருந்து வந்த புதுக் கல்லுக்கு. அதில் வார்ப்பு மண்ணும் கரியும் ஒட்டியிருக்கும், புளித்த கஞ்சி அதை இளக்கும்.

முதல் நாளே பேப்பர் தோசைக்குப் போகாதே. வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, எண்ணெயில் கருகுகிற வரை கல் முழுக்கப் புரட்டிக் கொட்டிவிடு. பிறகு நாலைந்து நாள் அடை, ஊத்தப்பம், கேப்பைத் தோசை என்று கனமாக, எண்ணெய் தாராளமாக விட்டுச் சுடு. ஓரம் தானாக எழும்புகிற வரை கரண்டியை உள்ளே விடாதே. எழும்பாத தோசையைச் சுரண்டினால் தோசையும் போகும், கல்லின் தோலும் போகும். ஒரு வாரத்தில் முறுகல் தோசை வரும்.

உன் அம்மை பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டே இதைக் கேட்கிறாள். "அவள் அந்தக் கல்லிலேயே சப்பாத்தியும் போடுகிறாளா என்று கேளுங்கள்" என்கிறாள். போடுகிறாய் என்றால் இன்றோடு நிறுத்து. சப்பாத்திக்குக் கல்லை எண்ணெய் இல்லாமல் வெறுமனே காய விடுகிறோம், அந்தச் சூட்டில் படலம் எரிந்துபோகும், மறுநாள் தோசை பிடிக்கும். அதற்கு ஒரு தனிக் கல் வைத்துக்கொள். உன் அம்மை முப்பத்தைந்து வருஷமாக இதில் ஒரு நாளும் தப்பியதில்லை. தக்காளித் தொக்கு, புளிக்குழம்பு இதையும் இரும்பில் செய்யாதே, புளிப்பு கல்லின் தோலை உரித்துவிடும், குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும். அதெல்லாம் மண்சட்டிக்கு உள்ள வேலை.

உன் கண்ணாடி அடுப்பு பற்றிச் சொல்ல வேண்டும், நீ வீடியோவில் காட்டியபோதே நினைத்தேன். இரும்பு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அலுமினியத்தில் கால்வாசி வேகம்கூட இல்லை. அடுப்பு வட்டம் சின்னது, கல் பெரியது. நீ எடுத்ததும் சூட்டை உச்சமான ஒன்பதில் வைத்தால் நடு கருகும், ஓரம் பச்சையாக இருக்கும், கல் வளையவோ விரியவோகூடச் செய்யலாம். குறைந்த சூட்டில் வைத்துப் பத்து நிமிஷம் பொறு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளி. சுர்ரென்று பொங்கிக் காய்ந்தால் மாவு ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு கூடிவிட்டது, இறக்கு. கடையில் நான் ஈர்க்குமாற்றால் தண்ணீர் அள்ளித் தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அதை அங்கே செய்யாதே. கடைக் கல் அரை அங்குல இரும்புத் தகடு, அடி தாங்கும், சூடு தாங்கும். உன்னுடையது வார்த்தது. கரி அதிகம் சேர்ந்த இரும்பு, அதனால் மட்கலம் போல உடையும். சூடு தணிக்க வேண்டுமென்றால் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து ஒரு துடை. கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காதே, இரண்டு கையாலும் தூக்கி வை.

நம் ஆதிச்சநல்லூரில் 1899இல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் ஆய்வாளர் தோண்ட ஆரம்பித்தபோது முதுமக்கள் தாழிகளோடு வாளும் ஈட்டியுமாக இரும்பு எத்தனையோ கிடைத்தது. சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததைப் பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், நீ வேலை அவசரத்தில் இருந்தாய். அதெல்லாம் காய்ச்சி அடித்த இரும்பு, நம் கல் உருக்கி வார்த்த இரும்பு, ஜாதி வேறு. ஆனாலும் ஆற்றங்கரை மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்தது இன்னும் வாள் என்று சொல்லும்படி இருக்கிறதே என்று நினைத்தபோது, சேற்றிலிருந்து எடுத்த கடைக் கல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சோப்புப் பட்டுவிட்டதே என்று இனிமேல் பயப்பட வேண்டாம். இப்போது வருகிற பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுப் பட்டால் ஒன்றும் ஆகாது, இறுகிய படலத்தை அது கரைக்காது. ஊறவைப்பதுதான் ஆகாது, டிஷ்வாஷரிலும் வைக்காதே. சுட்டு முடித்ததும் கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீரில் ஒரு தேய்ப்பு, துடைப்பு, அடுப்பில் இரண்டு நிமிஷம், எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. இவ்வளவுதான் தினசரி வேலை. ஊருக்கு வரும்போது மாசக்கணக்கில் சும்மா இருக்கும் என்றால் எண்ணெயை அப்பி வைத்துவிட்டு வராதே, சிக்கு வாடை வந்துவிடும். மெலிதாகத் துடைத்து, பேப்பரில் சுற்றிக் காற்று படுகிற இடத்தில் வை.

நான்ஸ்டிக் வாங்குவது உன் இஷ்டம், நான் தடுக்கவில்லை. வேலைக்குப் போகிற காலை அவசரம் எனக்கும் தெரியும். 260 டிகிரிக்கு மேல் காயவிட்டால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், ஒருமுறை உரிந்தால் வீட்டில் யாராலும் திருப்பிப் போட முடியாது. இதை மட்டும் தெரிந்து வாங்கு. ஆச்சியின் கல்லை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

வருகிற சனிக்கிழமை நீ ஓவனை மூட்டும் நேரம் இங்கே சாயங்காலமாக இருக்கும். நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் வீடியோவில் காட்டு. மறக்காமல் அடிப்பக்கத்தையும் திருப்பிக் காட்டு.

இப்படிக்கு,
அப்பா